தாய்மாமனை விலக்கியவன்

1

பிரெஞ்சுக்காரன் ஆக வேண்டும் என்றால் ஒரு ராஜாவைக் கொன்ற கதை தெரிந்திருக்க வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுப் பத்தொன்பது மாதம் கழித்து நேர்காணலுக்கு அழைத்துக் கடிதம் வந்தது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு மனைவியுடன் வரவும். வராவிட்டால் கோப்பு மூடப்படும். படித்துவிட்டு வர ஒரு சிறு புத்தகமும் சொல்லியிருந்தார்கள். ராஜா எப்படிப் போனார், குடியரசு எப்படி வந்தது, கொடியில் எத்தனை நிறம், பெண்களுக்கு எப்போது ஓட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. அதிகாரி அதிலிருந்துதான் கேட்பாராம்.

நான் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். பதினாறு வருஷமாக வாரச் சந்தைகளில் மீன் வெட்டும் வேலை. இந்த ஊர்க்காரர்களுக்கு மீன் தலை ஆகாது. நம் பக்கம் குழம்பில் தலை யாருக்கு என்று அண்ணன் தம்பி முறைத்துக்கொள்வார்கள். இங்கே தலையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் எடுக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ராஜாவின் தலையை வெட்டிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டிய ஜனம், ஒரு மீனின் கண்ணைப் பார்க்கக் கூசுகிறது. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுப்பேன், பிழைப்பு அது.

கடிதம் வந்த அதே வாரம் அம்மா ஊரிலிருந்து போன் பண்ணினாள்.

“எங்கண்ணன ஊருக்குள்ள சேத்துக்கப் போறாங்கடா. மாசி மகத்துக்கு முன்னாடி கூட்டம். எல்லாத் தலக்கட்டும் நின்னு சொல்லணும். நீ வா.”

“என்னிக்கும்மா?”

அவள் சொன்னது அதே செவ்வாய்க்கிழமை. விதி என்றெல்லாம் சொல்லமாட்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான் வாய்க்கும்.

“அன்னிக்கு இங்க எனக்கு ஆபீஸ்ல கூப்புட்டுருக்காங்கம்மா. இத உட்டா மறுபடி மொதல்லேர்ந்து வரணும்.”

“மாத்திக் கேளு.”

“இவுங்க மாத்த மாட்டாங்க.”

அம்மா, “அன்னிக்கு மட்டும் எந்திரிச்சி நின்ன இல்ல” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

2

ஊர் பேரை எழுதமாட்டேன். கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் ரோட்டை விட்டுக் கடல்பக்கம் திரும்பினால் வரும் மீனவக் கிராமங்களில் ஒன்று. அவ்வளவு போதும்.

அந்த ஊரை ஆண்டவர் நாட்டார். ஓட்டு வாங்கி வந்தவரல்ல. அப்பனுக்குப் பிறகு மகன், அவனுக்குப் பிறகு அவன் மகன். எவன் எந்த வலை போடலாம், எந்த வீட்டுச் சண்டைக்கு என்ன தெண்டம், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, எல்லாம் அவர் வாயில் இருந்து வருவதுதான். போலீசும் தாசில்தாரும் ஊருக்குள் வந்தால் முதலில் அவர் வீட்டில்தான் உட்காருவார்கள். என் காலத்து நாட்டார் என் அம்மாவின் அண்ணன், வீராசாமி மாமா.

சுனாமியில் என் அப்பா போனார். எனக்கு அப்போது இருபத்தொன்று. மூன்று நாள் சேற்றில் தேடி அப்பாவின் உடலைக் கண்டுபிடித்தது மாமா. கொள்ளி வைக்கும்போது என் கையைக் கூடப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். அப்பா இல்லாத வீட்டுக்கு மூத்த மகன் தலைக்கட்டு, அதாவது ஊர்ப் பட்டியலில் அந்தக் குடும்பத்துக்காக நிற்கிற பெயர். என் பெயரை அதில் எழுதி, “இனிமே ஒங்கப்பன் எடத்துல நீ பேசணும்டா தேவராசு” என்றார்.

அப்புறம் நிவாரணப் படகுகள் வந்தன. யாருக்குப் படகு என்று பட்டியல் எழுதியதும் மாமாதான். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது அவர் மகன் முருகவேல், என் மச்சான். என் கூட்டாளி செல்வமணி சுனாமியில் அண்ணனையும் கட்டுமரத்தையும் சேர்த்துப் பறிகொடுத்தவன். அவன் பெயர் பட்டியலிலேயே இல்லை.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டான். “எங்கப்பன் ஒங்கள எதுத்துப் பேசுனான்னு எனக்குப் படகு இல்லையா நாட்டாரே?”

மாமா கையை மட்டும் அசைத்தார். அவனைக் கோயில் வாசல் விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். படகு கட்டும் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து அடித்தார்கள். பதினெட்டு அடி வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. கயிறு திரும்பும்போது முதுகுத் தோலும் கூடவே வந்தது. அவன் அம்மா மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு கத்தினாள். நான் மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவன், எனக்குக் கேட்கட்டும் என்றே, “நாட்டார் மருமவனுக்குப் படகு, இவனுக்குக் கயிறு” என்றான். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை என்னைக் கொன்றது.

மறுநாள் காலை இளவட்டங்கள் நாற்பது பேர் நாட்டார் வீட்டுக்குப் போனோம். நான்தான் முதலில் துடுப்பைத் தூக்கினேன் என்று செல்வமணி பிற்பாடு சொல்லித் திரிந்தானாம். பொய். இரண்டாவதாகத் தூக்கினேன்.

கதவைப் பெயர்த்தோம். அலமாரி, கட்டில், சாமி படம் எதையும் விடவில்லை. மாமியை மயிரைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டார்கள். மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு தூக்கிப் படிக்கட்டில் கவிழ்த்தார்கள், நெற்றி பிளந்தது. முருகவேல் கொல்லையிலிருந்து ஈட்டியோடு ஓடிவந்தான். என்னைப் பார்த்ததும் ஈட்டி முனையைத் தாழ்த்தினான்.

“மச்சான், நீ தள்ளிப் போ. ஒன்ன குத்த மாட்டேன். தள்ளு.”

நான் துடுப்பை ஓங்கி அவன் வலது தோளில் இறக்கினேன். காய்ந்த பனைமட்டையை மிதித்தால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது. அவன் ஈட்டியை விட்டுவிட்டு உட்கார்ந்தான். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது, சந்தோஷமாக இருந்தது. இதை இதுநாள்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

3

என் மகள் நித்யாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், ஆனால் பிரெஞ்சில் யோசித்துவிட்டுப் பேசுவாள். வாரம் முழுக்க என்னோடு நாலு வாக்கியம் பேசினால் ஜாஸ்தி. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு பேசுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவைப் பரீட்சைக்குத் தயார்பண்ணும் வேலை கிடைத்ததும் ஆளே மாறிவிட்டாள். பள்ளியில் அவளுக்கும் அந்த வருஷப் பாடம் புரட்சிதானாம். சமையலறை மேசையில் என்னை உட்காரவைத்து, கையில் பென்சிலோடு எதிரில் நின்றாள்.

கதை எனக்கு லேசில் பிடிபட்டது. ரொட்டி விலை ஏறியது. சிறைக்கோட்டையை உடைத்துக் காவல் அதிகாரியின் தலையை ஈட்டியில் செருகி ஊர்வலம் போனார்கள். சந்தைப் பெண்கள், அதில் மீன்காரிகளும் உண்டு, மழையில் அரண்மனைக்கு நடந்துபோய் ராஜாவைக் குடும்பத்தோடு பாரிசுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வேஷம் மாற்றிக்கொண்டு தப்பி ஓடப் பார்த்தார், வழியில் அடையாளம் கண்டு மடக்கினார்கள். பிறகு அரண்மனைக்குள்ளேயே புகுந்து காவலுக்கு நின்ற சிப்பாய்களை வெட்டிக் குவித்தார்கள். அடுத்த மாதம் குடியரசு. படிக்கப் படிக்க எனக்கு அந்தத் தெருக்கள் எல்லாம் பழகின தெருக்கள் மாதிரி இருந்தன.

“குடியரசு எப்போ?”

“ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, செப்டம்பர்.”

“ராஜா?”

“அடுத்த ஜனவரி.”

“சரி. ஓட்டுப்பெட்டி வெச்சி முடிவு பண்ணலப்பா. சபையில இருந்தவங்க ஒவ்வொருத்தரா மேடையில ஏறணும். என்ன தண்டனைன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லணும். ஒரு நாளுக்கும் மேல நடந்துச்சி. அதுல ராஜாவோட பங்காளி ஒருத்தரும் இருந்தாரு. அவரும் ஏறி, மரணம்னு சொன்னாரு.”

மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரைக் கையில் எடுத்தேன்.

“தன்னோட பேரையே சமத்துவம்னு மாத்தி வெச்சிக்கிட்டாரு. அது அவரோட கொள்கைன்னு ஒரு பையன் க்ளாஸ்ல சொன்னான்.”

“கொள்கை இல்ல” என்றேன். “பயம். இவனும் ராஜா வூட்டு ஆளுதானேன்னு பாப்பாங்கல்ல, அந்தப் பயம்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

என் கையிலிருந்த டம்ளர் சுவரில் போய் உடைந்தது. எறிந்தது நான்தான் என்பது உடைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பக்கத்து அறையிலிருந்து மாலதி, என் மனைவி, ஓடிவந்தாள். நித்யா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் பாடத்தை முடிக்காமல் விடுகிறவள் இல்லை அவள்.

“அந்த ஆளு என்ன ஆனாருன்னு கேளு” என்றாள். “அதே வருஷம் அவரு தலையும் போச்சி.”

கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டே அவளிடம் சொன்னேன். மாலதி கதவோரம் நின்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் அன்றுதான் கேட்கிறாள்.

நாட்டார் வீட்டை நொறுக்கிய பிறகு போலீஸ் வந்தது. ஊர் விஷயத்தை ஊரே பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு தரப்பும் சொல்லி அனுப்பிவிட்டோம். அதனால் இன்றைக்கும் பிரெஞ்சு விண்ணப்பத்தில் குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விக்கு நான் இல்லை என்று எழுதலாம், உண்மைதான். பத்தாம் நாள் பன்னிரண்டு பேர் கொண்ட கமிட்டி வந்தது. தலைவர் செல்வமணி. முதுகில் கட்டோடு மாலை போட்டுக்கொண்டான். இனி நாட்டார் கிடையாது, ஊரை ஊரே ஆளும் என்றான். எங்களுக்கெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கே, அதே கூட்டத்தில், பழைய நாட்டாரை என்ன செய்வது என்று எடுத்தார்கள். ஒவ்வொரு தலைக்கட்டும் எழுந்து மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்னிப்பு, தெண்டம், விலக்கு.

தெண்டம் என்று சொல்வதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மாமா தலையில் துணிக்கட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் மருமகன் என்ன சொல்லப்போகிறான் என்று எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

“விலக்கு.”

கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக ஊர் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

4

ஊர்விலக்கு என்றால் என்னவென்று கடற்கரை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் இல்லாதவனுக்கு ஊர்க் கடையில் அரிசி கிடையாது, ஊர்ச் சுடுகாடு கிடையாது. அவனோடு பேசினால் பேசியவனுக்கும் விலக்கு. அவன் படகைத் தள்ள ஒருவரும் கை கொடுக்கக்கூடாது. ஐந்து பேர் தள்ளுகிற படகை மாமாவும் முருகவேலும் இரண்டே பேராகத் தள்ளினார்கள். அதிலும் முருகவேலின் தோள் சரியாகக் கூடவில்லை. வலது கை மார்புக்கு மேல் ஏறாது.

ஐப்பசியில் ஒரு காலை. முகத்துவாரத்தில் ஆறும் கடலும் முட்டிக்கொண்டு அலை தாறுமாறாக எழும்பிக்கொண்டிருந்தது. அறுபது எழுபது பேர் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தோம். மாமாவின் படகு திரும்பி வந்தது. உள்ளே நுழையும்போது பக்கவாட்டில் ஒரு அலை எடுத்துக் கவிழ்த்தது. கூப்பிடு தூரம்தான். மாமா கவிழ்ந்த படகின் முதுகைப் பற்றிக்கொண்டார். முருகவேல் தெறித்துத் தள்ளிப் போய் விழுந்தான். இடது கையால் மட்டும் அடித்து அடித்து நீந்தினான்.

நாலைந்து பேர் ஓடினோம். முட்டிவரை தண்ணீரில் இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து செல்வமணி கத்தினான்.

“எவனும் எறங்காத. கமிட்டி சொன்ன சொல்லு அது. எறங்குறவன் அவுங்களோடவே போயிடலாம்.”

கூட வந்தவர்கள் நின்றார்கள். நானும் நின்றேன்.

“மச்சான்” என்று கூப்பிட்டான் முருகவேல். அந்தக் கூட்டத்தில் அவன் மச்சான் என்று கூப்பிடுகிற ஆள் நான் ஒருத்தன். என்னைக் கூப்பிட இடது கையைத் தூக்கினான். அதைத் தூக்கிவிட்டால் நீந்த அவனுக்கு வேறு கை இல்லை. முங்கினான். ஒரு தடவை மேலே வந்தான். அப்புறம் வரவில்லை. மாமா படகின் மேல் படுத்துக்கொண்டு அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் உடல் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கியது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். ஊருக்குள் எடுத்துவரக் கூடாது என்றது கமிட்டி. சிதம்பரத்திலேயே, முன்பின் தெரியாத நாலு பேர் கூலிக்குத் தூக்கினார்கள். எங்கள் ஊரிலிருந்து போனது அம்மா ஒருத்திதான். எவன் தடுக்கிறான் பார்க்கலாம் என்று பட்டப்பகலில் கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே நடந்து போய் பஸ் ஏறினாள். மாமாவும் மாமியும் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டார்கள். கடற்கரையில் நாட்டாராக இருந்தவர் அங்கே ஒரு அரிசி மண்டியில் காவலாளியாக உட்கார்ந்தார்.

அம்மா திரும்பி வந்த ராத்திரியிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனிதான். சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள்.

5

ராஜாவை முடித்த கையோடு பிரெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் முடிக்க ஆரம்பித்தார்கள். நேற்று கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் இன்றைக்குத் துரோகி. தினமும் தலை விழுந்தது. தலைகளை அனுப்பிக்கொண்டிருந்த ஆளின் தலையும் ஒன்றரை வருஷத்தில் அதே கத்தியில் போனது. எங்கள் ஊரில் பத்து மாதமே பிடித்தது. செல்வமணி பழைய நாட்டாரைவிட மோசமாக ஆடுகிறான் என்று, அவன் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் சேர்ந்து அவனை அதே விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். முன்பல் இரண்டும் போய், ஊரும் போய், இப்போது மஞ்சக்குப்பத்தில் ஆட்டோ ஓட்டுகிறானாம். அடிக்கும்போது நான் வீட்டுக்குள் இருந்தேன். அடுத்தது நானாக இருக்கும் என்று தெரிந்துபோனது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் மாலதியின் சம்பந்தம் வந்தபோது, பெண்ணின் போட்டோவைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தலையாட்டினேன்.

நாட்டார் ஆட்சி நல்லது என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். செல்வமணியின் முதுகைப் பார்த்தவன் அப்படிச் சொன்னால் வாய் அழுகிவிடும். இன்றைக்கு எங்கள் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். எந்தப் பட்டியலானாலும் கோயில் சுவரில் ஒட்ட வேண்டும். பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்கள். நாங்கள் உடைத்ததால் வந்ததுதான் இதெல்லாம். இங்கேயும் அப்படித்தான், நடுவில் பேரரசர் வந்தார், ராஜா திரும்பி வந்தார், எல்லோரையும் துரத்தித் துரத்தி இப்போது ஐந்தாவது குடியரசு நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் இதற்கெல்லாம் கொஞ்சம் ரத்தம் சிந்தத்தான் வேண்டும் என்று சந்தையில் எவனாவது ஞானம் பேசினால் எனக்குக் கை பரபரக்கும். அந்தக் கொஞ்சத்தில் என் மச்சான் இருக்கிறான்.

மாமி போன வருஷம் செத்துப்போனாள். அதிலிருந்து மாமா அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “என்னய நம்ம கரையில எரிச்சிடு.” அம்மா ஒரு வருஷம் வீடுவீடாக ஏறி இறங்கினாள். பழைய கமிட்டிக்காரர்களின் கால்களில்கூட விழுந்தாளாம். எல்லாத் தலைக்கட்டும் சேர்க்கணும் என்று சொன்னால்தான் சேர்ப்பார்கள். ஒரு சொல் குறைந்தாலும் முடியாது. கடைசியில் என் சொல் ஒன்றுதான் நேரில் வர முடியாத சொல்லாக நின்றது.

இப்போதைய கமிட்டித் தலைவர் கதிரவன், கடலூரில் எஞ்சினியரிங் படித்த பிள்ளை. அவனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். நேரில் நின்று சொல்கிற சொல்தான் சொல், வழக்கம் அது என்றான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

“ஒங்கம்மாவுக்காக ஒத்துக்கிட்டாங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடறேன். ஒங்க மொகம் தெரிய வேணாம்னு பெரியவரு சொல்லிட்டாரு, கொரல் மட்டும் போதும்.”

எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மாமா என் குரலைக் கேட்கச் சம்மதித்திருக்கிறார். சேர்த்துக்கொள்ளணும் என்று நான் சொன்னால், போடா போ என்றாவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். அது கிடைத்தால் போதும், அடுத்த மாதமே ஊருக்கு டிக்கெட் எடுத்து அவர் காலில் விழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

6

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கே அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டோம். டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். மாலதி மடியில் கோப்பு. பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்புக்கு ஒரு சான்றிதழ். மொழித் தேர்வில் ஒரு தடவை தோற்று மறு தடவை தேறியவன் நான். முதல் தடவை தேர்வு நடத்திய அம்மாளை நீ என்று கூப்பிட்டுவிட்டேன். மீன்கடையில் கற்ற பிரெஞ்சில் நீங்கள் கிடையாது. அதனால் நீங்கள், நீங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏன் பிரெஞ்சுக் குடிமகன் ஆக விரும்புகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள் என்று நித்யா ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தாள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் வருகிற மாதிரி நல்ல பதில்.

பத்து மணி சுமாருக்குப் போன் வந்தது. ஊரில் மதியம் இரண்டரை. நடைவழிக் கோடிக்குப் போய்க் காதில் வைத்தேன். காற்றும், காக்காயும், ஜனச் சத்தமும் கேட்டன. ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். சேத்துக்கணும், சேத்துக்கணும் என்று ஒவ்வொரு குரலாக வந்தது. பாதிக் குரல்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. அன்று விலக்கு என்ற குரல்கள்தான், வயசாகியிருந்தன.

“சின்னத்தெரு, தேவராசு.”

“சேத்துக்கணும்” என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு ஆப்பிரிக்கக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. கத்தியிருக்கிறேன்.

மீதிப் பெயர்களும் முடிந்தன. ஒரு சொல்லும் குறையவில்லை. கதிரவன், “பெரியவரே, ஊரு ஒங்களச் சேத்துக்கிச்சி. ஒங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டான். இதுவும் வழக்கம்தான். சேர்க்கப்படுகிறவன் கடைசியில் தன் குறையைச் சொல்லலாம்.

மாமாவின் குரல் தேய்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

“செல்வமணிய நான் கட்டி வெச்சி அடிச்சது தப்பு. அதுக்கு நீங்க செஞ்சத நான் ஏத்துக்கிட்டேன். ஊரு மேல எனக்குக் கோவம் கெடையாது. ஆனா எம்மவன் கடலுக்குப் பயந்தவன் இல்ல. ரெண்டு கையும் இருந்துருந்தா வந்துருப்பான். அந்தத் தோள ஒடச்சவனும், முட்டித் தண்ணியில நின்னு வேடிக்க பாத்தவனும் ஒருத்தன்தான். அவன் பேரு இருக்குற பட்டியல்ல எம்பேர எழுதாதீங்க. நான் சிதம்பரத்துக்கே போறேன்.”

“பெரியவரே, அவரு இங்க இல்லவே இல்ல. வெளிநாட்டுல இருக்காரு.”

“பேரு இருக்குல்ல.”

அலைச் சத்தம் மட்டும் வந்தது. மாமா, நான் பயந்துட்டேன் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வந்திருந்தாலும் யாருக்கு என்ன பிரயோசனம்?

கதிரவன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னான். “அத்த, ஒங்க வூட்டுப் பேரு அது. வூட்டு ஆளு சொன்னாதான் வெட்ட முடியும். நீங்க சொல்லுங்க.”

அம்மா எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகுவாள். அது கேட்டது.

“எங்கண்ணனுக்கு எழுவத்தாறு வயசாவுது. அவரு எரியறதுக்கு அவரு மண்ணு வேணும். எம்புள்ளைக்கு அங்க ஒரு நாடே கெடைக்கப் போவுது. அவன் பேர வெட்டிடு. வூட்ட எம்பேர்ல எழுது.”

பெயர் போனவன் ஊருக்குள் கால் வைக்க முடியாது. நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆனால் கொள்ளி வைக்கவும் நான் போக முடியாது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

“அம்மா” என்றேன்.

“அண்ணே” என்றான் கதிரவன். “இதுக்கு மேல நீங்க கேக்கக் கூடாது. வெச்சிடறேன்.”

நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். மாலதி என் முகத்தைப் பார்த்துவிட்டு கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுவர்த் திரையில் எங்கள் எண் வந்தது. உள்ளே போனோம். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், என் வயசுதான் இருக்கும், உட்காரச் சொன்னார். ராஜா எப்போது போனார், குடியரசு எப்போது வந்தது என்று கேட்டார். சொன்னேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, நித்யா சொன்ன கேள்விக்கு வந்தார். நீங்கள் ஏன் பிரெஞ்சுக் குடிமகன் ஆக விரும்புகிறீர்கள்?

எழுதிக் கொடுத்த பதில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

“எனக்கு வேறு ஊர் இல்லை” என்றேன்.

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். நல்ல பதில் என்று சொல்லிப் பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாலதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.